அரசு வக்கீல் யாருக்கு வக்கீல்? பாதிக்கப்பட்டவங்க பக்கம் நிக்கணும்னு கேட்ட தங்கச்சிக்கு

கோபிசெட்டிபாளையம் பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தாங்க. சட்டம் முடிச்சு நாலு வருசமா ஒரு சீனியர்கிட்ட கிரிமினல் சைடு பாக்கறாங்களாம், ஜாமீன் மனுவும் வாய்தா மனுவும் எழுதி எழுதி மனசு சலிச்சுப்போச்சாம், பாதிக்கப்பட்டவங்களுக்காக அரசாங்க வக்கீலா நிக்கணும்னு ஆசையாம், அதுக்கு எந்தப் பரிட்சை எழுதணும், அந்த வேலைக்குப் போனா நெசமாவே அவங்களுக்கு ஏதாச்சும் செய்ய முடியுங்களான்னு கேள்வி. இதுல பரிட்சை பத்தின பாதி சின்ன விசயமுங்க, அத போகப்போக சொல்லிர்றேன். அங்க போயி நின்னா நான் யாருக்கு வக்கீலு, கண்ணு வீங்கி வந்து நிக்கற அந்தப் பொண்ணுக்கா, அரசாங்கத்துக்கான்னுதான் நீங்க கேக்கறீங்கன்னு நான் எடுத்துக்கறேன். நான் ஈரோடு, திருப்பூர் பக்கத்துக் கோர்ட்டுகள்ல ரொம்ப வருசமா ப்ராக்டிஸ் பண்றவ, நடுவுல ஸ்பெஷல் பிபியா, அதாவது சிறப்பு அரசு வக்கீலா இருந்தேன், இப்ப இலவச சட்ட உதவி பேனல்ல பாதிக்கப்பட்டவங்களுக்கு ஆஜராகறேன். பொம்பளைங்க, கொழந்தைங்க சம்பந்தப்பட்ட வழக்குகதான் என்னோட அனுபவம். மோசடி, போதைப்பொருள் வழக்கெல்லாம் எனக்குப் பழக்கமில்லீங்க, அதனால சொல்றத அந்த எல்லைக்குள்ள வெச்சுப் படிங்க.

மொதல்ல சந்தேகத்துக்கே எடமில்லாத விசயம். பப்ளிக் பிராசிக்யூட்டர், சுருக்கமா பிபி, பாதிக்கப்பட்டவங்களோட வக்கீல் கிடையாதுங்க. அரசோட வக்கீல். குற்றம் அரசுக்கு எதிரா நடந்ததுன்னுதான் நம்ம சட்டம் பாக்குது, அதனாலதான் அடி வாங்கினவங்க, சீரழிக்கப்பட்டவங்க, புள்ளைய பறிகொடுத்தவங்க எல்லாருமே கேஸ் கட்டுல அ.சா.1, அ.சா.2ன்னு அரசு தரப்பு சாட்சியா மட்டும் நிப்பாங்க. 1999ல சிவ்குமார் எதிர் ஹுகம்சந்த் வழக்குல சுப்ரீம் கோர்ட் இத தெளிவா சொல்லிருச்சு, அரசு வக்கீல் எப்படியாச்சும் தண்டனை வாங்கியே தீரணும்னு வெறியோட நிக்கக்கூடாது, எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, சாதகமா ஒண்ணு கட்டுல இருந்தா அதையும் கோர்ட்டு முன்னாடி வெக்கணும்னு. நீங்க இந்த வேலைக்கு வந்தா இது உங்கள ஒரு நாள் குத்தும். அந்தப் பொண்ணு ஒங்ககிட்ட அழுதுகிட்டு சொல்றது ஒண்ணா இருக்கும், முன்னாடி மாஜிஸ்ட்ரேட்கிட்ட சொன்ன 164 வாக்குமூலத்துல (இப்ப அது பிஎன்எஸ்எஸ் 183) வேற மாதிரி இருக்கும், நீங்க அத ஒளிக்க முடியாது. அவங்க உங்க கட்சிக்காரர் இல்ல, அவங்க சொல்றபடி வழக்க நடத்தற கடமை உங்களுக்கு இல்ல. இத தெரியாம வர்ற நல்ல மனசுக்காரங்க ரெண்டு வருசத்துல ஒடஞ்சு போறத நான் பாத்திருக்கறேன், அதனாலதான் மொதல்லயே சொல்றேன்.

இப்ப எந்தெந்த எடத்துல இருந்து அவங்க பக்கம் நிக்க முடியும்னு பாக்கலாமுங்க. மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுல நிக்கறவங்க ஏபிபி, அதாவது அசிஸ்டன்ட் பப்ளிக் பிராசிக்யூட்டர், அது டிஎன்பிஎஸ்சி மூலமா வர்ற நிரந்தர அரசு வேலை, கிரிமினல் கோர்ட்டுல அஞ்சு வருசம் ப்ராக்டிஸ் கேப்பாங்க, உங்களுக்கு இன்னும் ஒரு வருசம் இருக்குது. செஷன்ஸ் கோர்ட்டுல நிக்கற பிபி, அடிஷனல் பிபி எல்லாம் கலெக்டரும் மாவட்ட நீதிபதியும் கலந்து தயார் பண்ற பேனல்ல இருந்து அரசு நியமிக்கறது, ஏழு வருசம் ப்ராக்டிஸ் வேணும், அது நிரந்தரம் இல்ல, ஆட்சி மாறினா பெரும்பாலும் ஆளும் மாறிருவாங்க. போக்சோ கோர்ட்டுக்கும் எஸ்சி எஸ்டி வன்கொடுமை தடுப்புச் சட்ட கோர்ட்டுக்கும் தனியா ஸ்பெஷல் பிபி உண்டு, அதுக்கும் ஏழு வருசம். ஒரு குறிப்பிட்ட வழக்குக்குன்னு போடற ஸ்பெஷல் பிபிக்கு பத்து வருசம். இதெல்லாம் அரசு தரப்பு. இதுக்கு அக்கட்டால ரெண்டு எடம் இருக்குது, அத நம்ம பக்கம் யாரும் பெருசா கண்டுக்கறதில்ல. ஒண்ணு, பாதிக்கப்பட்டவங்க தானே வெச்சுக்கற வக்கீல். இன்னொண்ணு, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு பேனல் வக்கீலா இருந்து அதே வேலைய அரசு செலவுல செய்யறது. நீங்க கேட்ட ஆசைக்கு நெருக்கமான வேலை இந்தக் கடைசி ஒண்ணுதான்னு நான் நெனைக்கறேன், பேருல அரசு வக்கீல்னு இல்லாட்டியும்.

ஏன்னு சொல்றேன். 2009 கடைசியில அமலுக்கு வந்த திருத்தத்துலதான், வழக்குல பிராசிக்யூஷனுக்கு உதவியா பாதிக்கப்பட்டவங்க தங்களுக்குப் பிடிச்ச வக்கீல வெச்சுக்கலாம்னு வந்துச்சு, பழைய சிஆர்பிசிக்குப் பதிலா இப்ப இருக்கற குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ல 18வது பிரிவுல அது அப்படியே தொடருது. ஆனா அந்த வக்கீல் என்ன செய்யலாம்ங்கறதுலதான் சிக்கல். 2019ல ரேகா முரார்கா வழக்குல சுப்ரீம் கோர்ட், பாதிக்கப்பட்டவங்க வக்கீல் நேரடியா சாட்சிய விசாரிக்கவோ வாய்மொழியா வாதாடவோ முடியாது, கேக்க வேண்டியத பிபி மூலமா கேக்கணும், பிபி கேக்கலைன்னா ஜட்ஜ் மூலமா கேக்க வெக்கலாம்னு சொல்லிருச்சு. எழுத்துபூர்வமான வாதம் மட்டும் கோர்ட்டு அனுமதியோட குடுக்கலாம். அப்புறம் 2022ல லக்கிம்பூர் கேரி ஜாமீன் விவகாரத்துல, புலன்விசாரணையில இருந்து அப்பீல் வரைக்கும் ஒவ்வொரு கட்டத்துலயும் பாதிக்கப்பட்டவங்களுக்கு தங்க தரப்ப சொல்ல உரிமை இருக்குன்னு அதே சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு. இந்த ரெண்டையும் எங்க கோடு போட்டுப் பிரிக்கறதுன்னு இன்னும் முழுசா தெளிவாகலீங்க. ஒரு ஜட்ஜ் உங்கள தாராளமா பேச விடுவாங்க, பக்கத்து ஹால்லயே இன்னொருத்தர் பிபி பக்கத்துல உக்காந்து சீட்டு எழுதிக் குடுத்தா போதும்பாங்க. இது இப்படித்தான்னு ஒங்களுக்கு யாராச்சும் உறுதியா சொன்னா நம்பாதீங்க. ஆனா ஒண்ணு உறுதி, பிஎன்எஸ்எஸ் 230ல, சார்ஜ் ஷீட் காப்பி, வாக்குமூலம் எல்லாம் எதிரிக்கு குடுக்கற மாதிரி பாதிக்கப்பட்டவங்களுக்கும் குடுக்கணும், அவங்களுக்கு வக்கீல் இருந்தா. அந்த 'வக்கீல் இருந்தா'ங்கறதுக்காகவே ஒரு பேனல் வக்கீல் வக்காலத்து போடறது வீண் போகாது.

இப்ப நடைமுறைக்கு வாரேன். என்கிட்ட வந்தவங்க எல்லாரையும் நெனைச்சுப் பாத்தா, அவங்க மொதல்ல கேட்டது தண்டனைய பத்தி இல்லீங்க. 'கேசு என்னாச்சுங்க'ன்னுதான் கேப்பாங்க. புகார் குடுத்து சிஎஸ்ஆர் ரசீது வாங்கிட்டுப் போனவங்களுக்கு எஃப்ஐஆர் போட்டாங்களான்னு தெரியாது, எஃப்ஐஆர் போட்டிருந்தா ஆள புடிச்சாங்களான்னு தெரியாது, ஆளு ஜாமீன்ல வந்து பஸ் ஸ்டாண்டுல எதுக்க நிக்கும்போதுதான் ஜாமீன் கெடச்ச விசயமே தெரியும். இந்தத் தெரியாமைதான் அவங்கள ரொம்ப சீரழிக்குது. சட்டத்துல இதுக்கு வழி இல்லாம இல்ல. எஃப்ஐஆர் காப்பி இலவசமா குடுக்கணும், புலன்விசாரணை எந்த அளவுல இருக்குதுன்னு 90 நாளைக்குள்ள போலீஸ் சொல்லணும்னு பிஎன்எஸ்எஸ் 193ல இருக்குது, எஸ்சி எஸ்டி சட்டம் 15ஏ-ல ஜாமீன் உள்பட எந்த விசாரணைக்கும் நோட்டீஸ் குடுக்கணும்னு இருக்குது, 2021ல ஹரிராம் பாம்பி வழக்குல அந்த நோட்டீஸ் கட்டாயம்னு சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிருச்சு. ஆனா இத யாராச்சும் உக்காந்து கேட்டு வாங்கினாத்தான் நடக்கும். அரசு வக்கீலா இருந்தாலும் பேனல் வக்கீலா இருந்தாலும், வாய்தா முடிஞ்சு ஒரு போன் போட்டு 'இன்னிக்கு இது நடந்துச்சு, அடுத்தது இந்தத் தேதி, நீங்க வரத் தேவையில்ல, வேணும்கறப்ப நானே சொல்றேன்'னு சொல்றதுக்கு ரெண்டு நிமிசம் ஆகும். என்னய கேட்டா, இந்த வேலையில பாதி அந்தப் போன்தானுங்க. எந்தச் சட்டமும் அத அரசு வக்கீலுக்கு கடமைன்னு எழுதி வெக்கல, எந்த ரிஜிஸ்டர்லயும் அது ஏறாது.

அடுத்தது சாட்சி சொல்ல தயார் பண்றது. இதுல ஒரு மெல்லிசான கோடு இருக்குது, புதுசா வர்றவங்க அதுல தடுமாறிப் போறாங்க. பதில சொல்லிக்குடுக்கறது தப்பு, சட்டப்படியும் தப்பு, வழக்குக்கும் கேடு. ஆனா பயத்த எறக்கி வெக்கறது தப்பே இல்ல. நான் முந்தின நாளு சாயங்காலம் கோர்ட்டு கலஞ்சப்புறம் அவங்கள உள்ள கூட்டிட்டுப் போயி காட்டுவேன், இங்கதான் ஜட்ஜ் அம்மா உக்காருவாங்க, இது கூண்டு, எதிரி அங்க நிப்பான், நீ அவனப் பாக்க வேண்டியதில்ல, என்னயப் பாத்துப் பேசு கண்ணுன்னு சொல்லுவேன். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லலாம், ஞாபகமில்லைன்னா ஞாபகமில்லைன்னு சொல்லலாம், கேள்வி புரியலைன்னா திருப்பிக் கேக்கலாம், அழுகை வந்தா தண்ணி கேட்டு குடிக்கலாம். இவ்வளவுதான் சொல்லுவேன். ஏன்னா குறுக்கு விசாரணையில மொதல் கேள்வியே 'நேத்து அரசு வக்கீல பாத்தீங்களா, அவங்க சொல்லிக்குடுத்தாங்களா'ன்னுதான் வரும், அதுக்கு அந்தப் புள்ள தலைய நிமுத்திட்டு 'பாத்தேன், உள்ளதச் சொல்லச் சொன்னாங்க'ன்னு சொல்ற மாதிரி இருக்கணும். அப்புறம் அவங்களோட பழைய பழக்கவழக்கத்த கிளறுற மாதிரி கேள்வி வந்தா நீங்க உடனே எந்திரிக்கணும், பாலியல் வழக்குல சம்மதம் பத்தின விசயத்துக்கு அத கேக்கவே கூடாதுன்னு சாட்சியச் சட்டத்துல தெளிவா இருக்குது. எந்திரிக்காம பேனாவ உருட்டிட்டு உக்காந்திருந்தா, அந்த ஒரு நிமிசத்துல அவங்களுக்கு உங்க மேல இருந்த நம்பிக்கை போயிரும்.

கொழந்தைங்க விசயத்துல சட்டம் இன்னும் நல்லாவே இருக்குதுங்க. போக்சோ 33ல, பிபியோ எதிரி வக்கீலோ யாரா இருந்தாலும் கேள்விய ஜட்ஜ்கிட்ட குடுக்கணும், ஜட்ஜ்தான் கொழந்தைகிட்ட கேப்பாங்க. கொழந்தைய மறுபடி மறுபடி கோர்ட்டுக்கு கூப்பிடக்கூடாது, எதிரிய கொழந்தை கண்ணுல படாம பாத்துக்கணும், கோர்ட்டு வழக்க எடுத்த நாளுல இருந்து 30 நாளுக்குள்ள கொழந்தை சாட்சியத்த பதியணும், முடிஞ்சவரைக்கும் ஒரு வருசத்துல விசாரணைய முடிக்கணும். 40வது பிரிவுல குடும்பத்துக்கு வக்கீல் வெச்சுக்க உரிமை, முடியாட்டி சட்டப்பணிகள் ஆணைக்குழு குடுக்கணும். 2020 விதியில சப்போர்ட் பர்சன்னு ஒருத்தர குழந்தைகள் நலக்குழு போட்டுக் குடுக்கலாம், வழக்கு முடியற வரைக்கும் கூடவே இருக்கறதுக்கு. 30 நாள்ங்கறது எத்தன எடத்துல நடக்குதுன்னு கேட்டா எல்லாருக்கும் தெரிஞ்ச பதில்தான். ஆனா கேள்விய ஜட்ஜ் வழியா கேக்கறது மட்டும் ஒழுங்கா நடக்கற கோர்ட்டுல, அந்தக் கொழந்தை எவ்வளவு தெளிவா பேசுதுன்னு நீங்களே பாப்பீங்க. சத்தம் போட்டுக் கேக்கற மொரட்டுக் கொரலு இல்லைன்னாலே பாதி பயம் போயிருது.

நம்ம கொங்கு பக்கத்துல இந்த வேலையோட கஷ்டம் எங்க இருக்குதுன்னா, சாட்சிய காப்பாத்தறதுல. இங்க மெரட்டறவங்க கத்திய தூக்கிட்டு வர்றதில்லீங்க, பெரும்பாலும் ஒறம்பரையாத்தான் வருவாங்க. மாமன் வருவான், பெரியப்பன் வருவான், கோயில் நோம்பிக்கு கூப்பிட்டு உக்கார வெச்சுப் பேசுவாங்க, 'நடந்தது நடந்துபோச்சு, நாளைக்கு புள்ளைக்கு ஒரு நல்ல எடத்துல கல்யாணம் ஆக வேண்டாமா, ஊருக்குள்ள நாம பொழைக்க வேண்டாமா'ன்னு வெசனத்தோட கேக்கற மாதிரியே கேப்பாங்க. குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கம் தறிப்பட்டறையில அட்வான்ஸ் வாங்கிட்டு வேலை செய்யற குடும்பமா இருந்தா, எதிரி சைடுல இருக்கறவங்களே அந்த அட்வான்ஸ் குடுத்தவங்களா இருப்பாங்க. ஸ்பின்னிங் மில் ஹாஸ்டல்ல தங்கியிருக்கற வெளியூர் பொண்ணா இருந்தா, புகார் குடுத்த மறுவாரமே ஊருக்கு தாட்டி விட்டுருவாங்க, அப்புறம் சம்மன் எடுத்துட்டுப் போற கோர்ட் ஏட்டையாவுக்கு முகவரி கெடைக்காது. திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேலை செய்யற ஒடிசா, பீகார்காரங்க பாதிக்கப்பட்டா, மொழி தெரிஞ்ச ஆளப் புடிக்கறதே ஒரு சோலி, மொழிபெயர்க்க கம்பெனி சூப்பர்வைசரையே கூட்டிட்டு வந்துருவாங்க, அத ஒருக்காலும் ஒத்துக்கப்படாது. தாளவாடியில இருந்து வர்ற மலைவாசி சாட்சிக்கு திம்பம் மலைப்பாதையில 27 கொண்டை ஊசி வளைவு எறங்கி வரணும், காலையில பத்தரை மணிக்கு கூப்பிடற கேசுக்கு இருட்டோட கெளம்பணும், வந்தா 'எதிரி வக்கீல் வரல, வாய்தா'ன்னு திருப்பி அனுப்பிருவாங்க. கூலி போச்சு, பஸ் காசு போச்சு. சாட்சி பேட்டா கேட்டு வாங்கிக் குடுக்கறது பெரிய தொகை இல்லதான், ஆனா கேட்டு வாங்கிக் குடுக்கற வக்கீல அவங்க மறக்கறதில்ல, அடுத்த வாய்தாவுக்கு வருவாங்க.

வாய்தான்னு சொன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது, இது ரொம்ப முக்கியம். சாட்சிய அரசு தரப்பு கேக்கற முதல் விசாரணை ஒரு நாளு நடக்கும், குறுக்கு விசாரணைய எதிரி தரப்பு அப்புறம் பண்றோம்னு தள்ளி வெச்சுருவாங்க, அப்புறம் பல மாசம் கழிச்சு ரீகால் மனு போட்டு சாட்சிய திருப்பிக் கூப்பிடுவாங்க. அந்த இடைவெளியிலதான் எல்லாப் பேச்சுவார்த்தையும் நடக்குது. 2015ல வினோத் குமார் எதிர் பஞ்சாப் அரசு வழக்குல, முதல் விசாரணைக்கும் குறுக்கு விசாரணைக்கும் நடுவுல 20 மாசம் விட்டிருந்தத சுப்ரீம் கோர்ட் கடுமையா கண்டிச்சுது. அந்தத் தீர்ப்ப கையில வெச்சுக்கிட்டு, அன்னிக்கே குறுக்கு விசாரணைய முடிக்கணும்னு அடம் புடிக்கற அரசு வக்கீலா நீங்க இருந்தீங்கன்னா, வேற எதுவும் செய்யாட்டியும் பாதிக்கப்பட்டவங்களுக்கு பெரிய காரியம் செஞ்சவங்க ஆவீங்க. வக்கீலுங்க சங்கத்துக்குள்ள பகை வரும், பரவால்லைங்க.

சாட்சி பிறழ்ந்துட்டா வழக்கே செத்துப்போச்சுன்னும் நெனைக்க வேண்டாம். கோகுல்ராஜ் கொலை வழக்கு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், 2015 ஜூன்ல திருச்செங்கோட்டு கோயில்ல இருந்து கூட்டிட்டுப் போயி பள்ளிபாளையம் பக்கத்துல ரயில் தண்டவாளத்துல பொணமா கெடந்த பட்டியல் இனத்துப் பையன். அதுல முக்கியமான சாட்சியே பிறழ்ந்துட்டாங்க. ஆனா கோயில் கேமராவுல பதிவான காட்சி இருந்துச்சு. அவனோட அம்மா ஐகோர்ட்டு வரைக்கும் போயி, வழக்கு நாமக்கல்லுல இருந்து மதுரைக்கு மாறி, பவானி பா.மோகன் ஸ்பெஷல் பிபியா வந்து, 2022 மார்ச்சுல பத்துப் பேருக்கு தண்டனை கெடச்சுது, 2023ல ஐகோர்ட்டும் அத உறுதி பண்ணுச்சு, ரெண்டு பேருக்கு மட்டும் தண்டனைய கொறச்சுது. எஸ்சி எஸ்டி விதிகள்ல 4(5)ல, பாதிக்கப்பட்டவங்க விரும்பினா அனுபவமுள்ள மூத்த வக்கீல கலெக்டர் நியமிக்கலாம்னு இருக்கறத நம்ம பக்கம் பல பேருக்குச் சொல்றதுக்கே ஆளில்ல. அத சொல்ற ஆளா நீங்க இருக்கலாம்.

அதுக்கு மாறா பொள்ளாச்சி பாலியல் வழக்க பாருங்க. 2019 பிப்ரவரியில வெளிய வந்தப்ப, பாதிக்கப்பட்ட பொண்ணோட அடையாளமே அதிகாரிங்க வாயாலயே வெளிய போயிருச்சு, அதப் பாத்து எத்தன பொண்ணுங்க புகார் குடுக்காம ஒதுங்கினாங்களோ. பாதிக்கப்பட்டவங்க பேர வெளிய விடறது குற்றமுங்க, யாரு விட்டாலும். அப்புறம் சிபிஐக்கு மாறி, கோவை மகிளா கோர்ட்டுல மூடின அறைக்குள்ள விசாரணை நடந்து, 2025 மே 13ம் தேதி ஒன்பது பேருக்கும் சாகும் வரைக்கும் ஆயுள் தண்டனை, பாதிக்கப்பட்டவங்களுக்கு மொத்தம் 85 லட்சம் இழப்பீடு. ஒரு சாட்சி கூட பிறழல. ஊரே பாத்துட்டிருந்த வழக்குங்கறதால காவலும் கவனிப்பும் கெடச்சுதா, அந்தப் பொண்ணுங்களோட தைரியமா, விசாரிச்சவங்களோட ஒழைப்பான்னு பிரிச்சு சொல்றது கஷ்டம். மூணுமே இருந்திருக்கும்னு நான் நெனைக்கறேன். யாரும் பாக்காத ஒரு சின்ன வழக்குல அந்த மாதிரி கவனிப்பு கெடச்சா என்ன ஆகும்ங்கறதுதான் என் மனசுல நிக்கற கேள்வி.

இழப்பீடு பத்தி தனியா சொல்லியாகணும், ஏன்னா இதுலதான் பல வக்கீலுங்க கோட்டை விடறாங்க. எதிரிக்கு தண்டனை கெடச்சாத்தான் பணம் வரும்னு ஊருக்குள்ள ஒரு நெனப்பு இருக்குது, அது தப்பு. பிஎன்எஸ்எஸ் 396, பழைய சிஆர்பிசில 357ஏ, அதுல எதிரி யாருன்னே கண்டுபிடிக்க முடியாட்டியும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு மனு போடலாம், எதிரி விடுதலையானாலும் கோர்ட்டு பரிந்துரைக்கலாம், மனு வந்தா ரெண்டு மாசத்துல விசாரிச்சு முடிக்கணும், அவசரத்துக்கு இடைக்கால நிவாரணமும் உண்டு. தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழுவான நல்சா பெண்களுக்காக போட்ட 2018 திட்டத்துல பாலியல் வன்கொடுமைக்கு 4 லட்சத்துல இருந்து 7 லட்சம், கூட்டு வன்கொடுமைக்கு 5ல இருந்து 10 லட்சம். எஸ்சி எஸ்டி சட்டத்துல கொலைன்னா மத்திய விதிப்படி எட்டேகால் லட்சம், நம்ம தமிழ்நாட்டுல அத 12 லட்சமா உயர்த்தியிருக்காங்க, அதுல பாதி பிரேதப் பரிசோதனை முடிஞ்சதும், மீதி சார்ஜ் ஷீட் கோர்ட்டுக்குப் போனதும் குடுக்கணும், தீர்ப்புக்கு காத்திருக்கத் தேவையே இல்ல. தனியார் ஆஸ்பத்திரியா இருந்தாலும் பாலியல் வன்கொடுமை, ஆசிட் வீச்சுல பாதிக்கப்பட்டவங்களுக்கு இலவசமா சிகிச்சை குடுத்தே ஆகணும், மறுத்தா அது குற்றம். இதெல்லாம் உறுதியான விசயங்க. உறுதியில்லாதது பணம் கைக்கு வர்ற தேதி. ஆணை வாங்கறதோட வேலை முடியறதில்ல, பேங்க் கணக்கு தொறக்கறது, மைனரா இருந்தா டெபாசிட் யாரு பேருல, அப்பங்காரனே எதிரியா இருந்தா அந்தக் கணக்க யாரு பாக்கறதுன்னு எல்லாத்தையும் யோசிச்சு மனுவுலயே எழுதணும். ஒரு அம்மாவுக்கு இழப்பீட்டு ஆணை வந்து ரொம்ப நாளா பணம் வரல, விசாரிச்சா பேங்க் கணக்கு எண்ணுல ஒரு எழுத்துப் பிழை, அத திருத்த அவங்க எத்தன ஆபீஸ் ஏறி எறங்கினாங்கன்னு சொன்னா நெஞ்சு கொதிக்கும்.

சமரசம் பேச வர்றவங்கள பத்தியும் கேப்பீங்க. சின்ன அடிதடி, வாய்ச்சண்டைன்னா ராஜியாகறதுல தப்பில்ல, சட்டமே விடுது. ஆனா பாலியல் வன்கொடுமை, போக்சோ மாதிரி வழக்க காசு குடுத்து முடிக்க முடியாதுங்க. 2012ல கியான் சிங் வழக்குலயே கொடுங்குற்றங்கள சமரசத்த காட்டி ரத்து பண்ணக்கூடாதுன்னு சொல்லியாச்சு, 2024ல ராஜஸ்தான் வழக்கு ஒண்ணுல ஒரு வாத்தியார் மேல இருந்த போக்சோ வழக்க அப்பாவோட சமரசத்த காட்டி ரத்து பண்ணினத சுப்ரீம் கோர்ட் திருப்பிப் போட்டுச்சு. இருந்தாலும் குடும்பமே வந்து 'எங்களுக்கு வேண்டாமுங்க'ன்னு நிக்கறப்ப என்ன செய்யறதுன்னு சட்டப் புத்தகத்துல பதில் கெடைக்காது. நான் அந்தப் பொண்ண மட்டும் தனியா உக்கார வெச்சுப் பேசுவேன். அவ வாயால வர்றது ஒண்ணு, அப்பன் ஆத்தா வாயால வர்றது ஒண்ணா இருக்கும், பல தடவ.

விடுதலைன்னு தீர்ப்பு வந்தா? அப்ப மேல்முறையீடு செய்ய பாதிக்கப்பட்டவங்களுக்கே தனி உரிமை இருக்குது, அரசாங்கம் போகாட்டியும் அவங்க போகலாம், 2018ல மல்லிகார்ஜுன் கோடகலி வழக்குல அதுக்கு முன்அனுமதி கூட வேண்டாம்னு சொல்லிட்டாங்க. விடுதலை தீர்ப்ப அவங்களுக்கு நேருல போயி சொல்லுங்க, போன்ல வேண்டாம், பேப்பர்ல பாத்து தெரிஞ்சுக்க வுட்டுராதீங்க. சந்தேகத்தின் பலன குடுத்து விட்டாங்கன்னா நீ பொய் சொன்னேன்னு அர்த்தமில்லைன்னு அவங்களுக்குப் புரியற மாதிரி சொல்லணும், தீர்ப்புல எந்தப் பத்தியில என்ன இருக்குன்னு படிச்சுக் காட்டணும். ஜெயிச்ச வழக்கும் அதோட முடியறதில்ல. சாதி மாறி கல்யாணம் பண்ணின சங்கர வெட்டிக் கொன்ன உடுமலை ஆணவக் கொலையில 2017 டிசம்பர்ல திருப்பூர் கோர்ட்டு ஆறு பேருக்கு தூக்கு குடுத்துச்சு, 2020ல ஐகோர்ட்டு பொண்ணோட அப்பாவ விடுதலை பண்ணி, மத்த அஞ்சு பேருக்கு ஆயுளா கொறச்சுது. கீழ்க்கோர்ட்டு தீர்ப்பு வந்த அன்னிக்கே 'இன்னும் அப்பீல் இருக்குது'ன்னு சொல்லி வெக்காத வக்கீல் அவங்கள ரெண்டாவது தடவ கீழ தள்ளி விடறாங்க.

தண்டனை கெடச்சா பாதிக்கப்பட்டவங்க மனசு ஆறுமான்னு கேட்டா, அங்க நான் நிறுத்திக்கறேன். சில பேரு தீர்ப்புக்கப்புறம் நிம்மதியா தூங்கறேன்னு சொல்லியிருக்காங்க, சில பேரு தீர்ப்பு வந்த வாரத்துலதான் ரொம்ப ஒடஞ்சு போனாங்க, அது வரைக்கும் வழக்குதான் அவங்கள நிமுத்தி வெச்சிருந்துச்சு போல. நாம மனநல டாக்டர் கெடையாது, அந்த வேலைய நாமளே இழுத்துப் போட்டுக்கவும் கூடாது. பாதிக்கப்பட்ட பொம்பளைங்களுக்கு ஒரே எடத்துல உதவி பண்ற ஒன் ஸ்டாப் சென்டர், அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவு, பெண்கள் உதவி எண் 181, கொழந்தைன்னா 1098, இதுக்கெல்லாம் ஆள சேத்து விடறதோட நம்ம பங்கு நிக்குது.

உங்க விசயத்துக்கு வர்றேனுங்க. இது வரைக்கும் எதிரி தரப்புல வேலை செஞ்சது வீண்னு நெனைக்காதீங்க, குறுக்கு விசாரணை எங்க இருந்து வரும்னு தெரிஞ்சவங்கதான் சாட்சிய நல்லா தயார் பண்ண முடியும். ஏபிபி நோட்டிஃபிகேஷன் வர்றப்ப எழுதுங்க, தகுதி வயசு எல்லாம் அந்த அறிவிப்புல இருக்கறத வெச்சே முடிவு பண்ணுங்க. ஆனா அதுக்காக காத்திருக்க வேண்டாம். சட்ட உதவி பேனலுக்கு பொதுவா மூணு வருச அனுபவம் போதும், உங்களுக்கு நாலு இருக்குது. ஈரோடு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுலயோ கோபி வட்ட சட்டப்பணிகள் குழுவுலயோ பேனலுக்கு எப்ப விண்ணப்பம் கூப்பிடறாங்கன்னு கேளுங்க, பாதிக்கப்பட்டவங்க தரப்பு வழக்கு வேணும்னு வாய்விட்டு சொல்லுங்க, பெரும்பாலும் எல்லாரும் எதிரி தரப்பு வழக்கோ குடும்ப வழக்கோதான் கேப்பாங்க. பீஸ் கம்மி, அதுவும் லேட்டா வரும், அதனால சீனியர் ஆபீச உடனே விட்டுராதீங்க. பேனல்ல சேர்ந்ததும் மொத வேலையா கோர்ட் டியூட்டி போலீஸ்காரங்க, குழந்தைகள் நலக்குழு, ஒன் ஸ்டாப் சென்டர் ஆளுங்க நம்பர எல்லாம் வாங்கி வெச்சுக்கோங்க. ஒரே ஒரு ஜாக்கிரதை, உங்க சீனியர் எதிரிக்கு ஆஜராகற வழக்குல நீங்க பாதிக்கப்பட்டவங்களுக்கு ஆஜராக முடியாது, கோபி மாதிரி ஊருல அது அடிக்கடி மோதும், அதனால சேர்றதுக்கு முன்னாடியே அவர்கிட்ட உக்காந்து பேசிருங்க.